பூனைக்கும் சுகர்... அரை யூனிட்டில் இருக்கிறது சூட்சுமம்!

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புள்ளிவிவரம் வந்து சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியில் வரிசைக்கு நாலு பேர் பாயசத்தை வேண்டாமென்று கையால் மறைக்கிறார்கள். காலை நடைப்பயிற்சியில் 'ஃபாஸ்டிங் எவ்வளவு?' என்பதுதான் வணக்கத்துக்குப் பதில். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் இன்சுலின் குப்பி.

இப்படிப்பட்ட வீட்டில் வளரும் பூனைக்குச் சுகர் என்று கால்நடை மருத்துவர் சொன்னால், முதல் அதிர்ச்சி அடங்கியதும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. 'சுகர்தானே... நமக்குத் தெரியாததா?' இந்தத் தைரியத்தில் பாதி நல்லது. ஊசியைக் கண்டு கை நடுங்காது, மீட்டரைப் பார்க்கத் தெரியும், வேளை தவறாது. மீதிப் பாதிதான் ஆபத்து. தாத்தா காலையில் 20 யூனிட் போட்டுக்கொள்வதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பூனையின் ஒரு யூனிட் அற்பமாகத் தெரியும். 'இன்னும் கொஞ்சம் ஏத்தினா என்ன?' என்று தோன்றும். நாலு கிலோ பூனைக்கு அந்த 'இன்னும் கொஞ்சம்' உயிர்போகிற விஷயம்.

தண்ணீர்க் கிண்ணம் சொல்லும் சேதி

பூனை பொதுவாகத் தண்ணீரை அதிகம் தேடாத பிராணி. அது கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுக் குளியலறைக் குழாயடியில் போய் உட்கார்ந்தால் யோசிக்க வேண்டும். மண் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகின்றனவா, எண்ணிக்கை கூடுகிறதா என்று பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும். ரோமம் பளபளப்பு இழந்து சடை விழும். சில பூனைகளுக்குப் பின்னங்கால் நரம்பு பாதிக்கப்பட்டு, விரல்களில் நடப்பதை விட்டுக் குதிகால் தரையில் பதிய நடக்கும். அலமாரி உச்சிக்குத் தாவிய பூனை நாற்காலியில் ஏறவே யோசிக்கும். இதைப் பார்த்து 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மனிதனுக்கு ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் கசியத் தொடங்கும். பூனைக்கு அது சுமார் 250 முதல் 300 வரை போக வேண்டும். ஆகவே தாகமும் சிறுநீரும் நம் கண்ணில் படும்போது நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும்.

பூனைக்கு வருவது பெரும்பாலும் நமக்கு வரும் டைப் 2 போன்றதுதான். ஏழு வயதைத் தாண்டிய, கருத்தடை செய்த, கொழுத்த கடுவன் பூனைக்கு அபாயம் அதிகம். ஃபிளாட்டுக்குள்ளேயே அடைந்து, கிண்ணம் நிறைய உலர் தீனியை நாளெல்லாம் கொறிக்கும் பூனை அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. தோல் அரிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் திரும்பத் திரும்பப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் சுகரைக் கிளப்பிவிடும். எவ்வளவு இன்சுலின் கொடுத்தும் கட்டுப்படாத பூனைகளில் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு ஒளிந்திருக்கலாம். பிரிட்டனில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், சுகர் உள்ள பூனைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு அதற்கான அறிகுறி ரத்தத்தில் இருந்தது. சொத்தைப் பல்லும் சிறுநீர்த் தொற்றும்கூட இன்சுலினை வேலை செய்ய விடாது. அளவைக் கூட்டுவதற்கு முன் வாயைத் திறந்து பார்க்கும் மருத்துவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

இன்னொரு சங்கதி. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரிசையில் நாய்களுக்கு நடுவே உட்கார வைத்த பூனைக்கு ரத்தம் எடுத்தால், சுகரே இல்லாத பூனைக்கும் பயத்தில் அளவு எகிறும். 300-ஐத் தாண்டுவதும் உண்டு. ஆகவே ஒரே ஒரு ரத்த அளவை வைத்து முடிவு கட்டக் கூடாது. சிறுநீர்ப் பரிசோதனையும், ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். நமக்கு 'மூணு மாச சுகர்' பார்ப்பதுபோல, கடந்த ஒன்றிரண்டு வாரத்து நிலவரத்தை அது காட்டும்.

சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

தாத்தாவின் மாத்திரை பூனைக்கு உதவாது. இன்சுலின்தான். ஆனால் எந்த இன்சுலின்? வெளிநாடுகளில் பூனைக்கென்றே அனுமதி பெற்றவை இருக்கின்றன. அமெரிக்காவில் 2009-ல் அனுமதி பெற்ற புரோசிங்க் அவற்றில் ஒன்று. அந்த வகை இன்சுலினின் கதை 1936-ல் டென்மார்க்கில் தொடங்குகிறது. ஹாகெடோர்ன் என்ற மருத்துவர், மீன் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்து, அது மெதுவாகக் கரையும்படி செய்தார். மீனுக்கு அலையும் பூனைக்கு இது பொருத்தமான மருந்துதான்!

நம் ஊரில் எளிதில் கிடைப்பதும், மருத்துவர்கள் பரவலாக எழுதுவதும் கிளார்ஜின். லேன்டஸ், பேசலாக் போன்ற பெயர்களில் மனிதர்களுக்கு விற்பனையாகும் அதே மருந்து. மனிதர்கள் பெரும்பாலும் இதை ஒரு வேளைதான் போட்டுக்கொள்கிறார்கள். பூனையின் உடல் இன்சுலினை வேகமாகச் செலவழித்துவிடும் என்பதால் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, தினம் இரண்டு வேளை.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. மருந்துக்கடை வாசலில் நின்று கவனியுங்கள்.

"இன்சுலின் சிரிஞ்ச் குடுங்கண்ணே."

"நாப்பதா, நூறா?"

"எதுவா இருந்தா என்ன... சின்னதா ஒண்ணு குடுங்க."

நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவில் விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று. 100 யூனிட் உள்ளது இன்னொன்று. அரசு மருத்துவமனையிலும் கடையிலும் கிடைக்கும் பழைய வகை மனித இன்சுலின் குப்பிகளில் பல 40. கிளார்ஜின் 100. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு வேறு. யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100-க்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜினை சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது ஒரு யூனிட் இல்லை, இரண்டரை யூனிட். கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். கோடு சரி, கை சரி, வேளை சரி. பூனை மட்டும் மூன்று மணி நேரம் கழித்துத் தள்ளாடும். மூடி மாறி நடக்கும் இந்தத் தவறு மனிதர்களிடமும் உண்டு. 20 யூனிட் போடுகிறவருக்கே அது ஆபத்து என்றால், ஒரு யூனிட் பூனைக்குக் கேட்கவே வேண்டாம். அப்பாவின் சிரிஞ்சை அவசரத்துக்குப் பூனைக்கு எடுப்பது என்ற பேச்சே வீட்டில் இருக்கக் கூடாது. பூனையின் சாமான்களுக்குத் தனி டப்பா, அதன்மேல் பெரிய எழுத்தில் பூனையின் பெயர்.

யு-100-ல் ஒரு யூனிட் என்பது 0.01 மில்லி. சாதாரணமாகச் சொட்டும் ஒரு துளியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு மில்லி சிரிஞ்சில் இதை அளப்பது அநேகமாக யூகம்தான். 0.3 மில்லி சிரிஞ்ச், அதிலும் அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால், விலை பார்க்காமல் வாங்குங்கள். பென் வகைகளில் பெரும்பாலும் ஒவ்வொரு யூனிட்டாகத்தான் ஏற்ற முடியும். அரை யூனிட் வேண்டுமென்றால் அது கைவிரிக்கும். சிரிஞ்சுக்குள் சின்னக் காற்றுக்குமிழி நின்றால் தாத்தாவுக்கு ஒன்றும் குறையாது. பூனைக்கோ அந்தக் குமிழி பாதி மருந்தின் இடத்தை அடைத்துவிடும். விரலால் சுண்டி வெளியேற்றிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து, கண்மட்டத்தில் கோட்டைப் பாருங்கள்.

கிளார்ஜின் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினால் தூக்கி எறியுங்கள். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசர் பக்கம் போகவே கூடாது. அது புளிப்புத் தன்மையுள்ள திரவம். தோலுக்கடியில் போனதும் நுண்துகள்களாக உறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேரும். அதனால்தான் அதை வேறு இன்சுலினோடு கலப்பதும் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்வதும் கூடாது.

ஏற்றலாமா, இறக்கலாமா?

பெரும்பாலான பூனைகளுக்கு மருத்துவர்கள் வேளைக்கு ஒரு யூனிட்டில் தொடங்குகிறார்கள். கிலோவுக்குக் கால் முதல் அரை யூனிட் என்று கணக்கிட்டாலும், தொடக்கத்தில் 2 யூனிட்டைத் தாண்டுவதில்லை. உங்கள் பூனைக்கு எவ்வளவு என்பதை அதைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும், எந்தப் பத்திரிகையும் சொல்லக் கூடாது. இந்தப் பத்திரிகையும்தான்.

நாம் புரிந்துகொள்ள வேண்டியது அதற்கப்புறம் நடப்பதை. முதல் நாள் ஊசி போட்டாயிற்று. மறுநாள் காலை பார்த்தால் 380. அதற்கடுத்த நாள் 410. வீட்டில் பதற்றம். 'ஒரு யூனிட் போதலை, ரெண்டு போடலாமா?' கூடாது. கிளார்ஜினின் அளவை மாற்றினால் அதன் முழுப் பலன் தெரியவே சில நாள் ஆகும். குறைந்தது ஐந்து முதல் ஏழு நாள் பொறுத்திருந்து, அப்புறம்தான் அரை யூனிட், அதிகம் போனால் ஒரு யூனிட் ஏற்றுவது வழக்கம். பூனைக்கு ஒரு வாரம் 400 இருந்தால் அது அதிகம் தண்ணீர் குடிக்கும், மெலியும், சோர்வாக இருக்கும். ஒரே ஒரு மணி நேரம் 30-க்கு இறங்கினால் வலிப்பு வந்து செத்தும் போகலாம். கூடுதல் சர்க்கரைக்கு நமக்கு அவகாசம் இருக்கிறது, குறைந்த சர்க்கரைக்கு இல்லை. பூனை வளர்ப்பவர் இந்த ஒன்றை மனதில் பதித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானே பிடிபடும்.

ஊசிக்கு முன்னால் எடுக்கும் அளவை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் அடுத்த பொறி. அந்த நேரத்தில் முந்தைய ஊசி தீர்ந்திருக்கும், ஆகவே அளவு உச்சத்தில் இருக்கும். நமக்குத் தெரிய வேண்டியது இடையில் எவ்வளவு கீழே போயிற்று என்பது. அதற்குத்தான் ஒரு நாள் முழுக்க, இரண்டு மணிக்கு ஒரு தடவை, 12 மணி நேரம் அளந்து எழுதும் 'கர்வ்'. அதன் அடிமட்டம் சுமார் 80-க்கும் 150-க்கும் நடுவில் நின்றால் நல்லது. 60-க்குக் கீழே போனால், காலை அளவு எவ்வளவு உயரமாக இருந்தாலும் மருந்தைக் குறைக்க வேண்டும். சில பூனைகளுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு விழுந்ததும் உடம்பே பயந்துபோய் கையிருப்பைக் கொட்டி மேலே ஏற்றிவிடும். மறுநாள் மீட்டர் 450 காட்டும். அதைப் பார்த்து மருந்தைக் கூட்டுகிறவர், கூடிப்போன மருந்தை மேலும் கூட்டுகிறார்.

இந்தக் கர்வை மருத்துவமனையில் எடுத்தால் பயம் வந்து கணக்கைக் கெடுக்கும். வீட்டில்தான் எடுக்க வேண்டும். ரத்தம் எடுப்பது காது மடலில். காதை விளக்குக்கு எதிரே பிடித்தால் விளிம்போடு மெல்லிய சிவப்பு ரத்தக்குழாய் ஓடுவது தெரியும். வெதுவெதுப்பான துணியை அரை நிமிடம் வைத்துக் காதைச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த காதில் எத்தனை குத்து குத்தினாலும் ரத்தம் வராது. மடலின் உள்பக்கம் மடித்த பஞ்சைத் தாங்கலாக வைத்து, ரத்தக்குழாயை ஒட்டினாற்போல் லான்செட்டால் ஒரு குத்து. கடுகளவு ரத்தம் அரும்பும். ஸ்ட்ரிப்பை அதன் அருகே கொண்டுபோனால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திவிட்டு, உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. இரண்டாவது வாரத்தில் மீட்டர் டப்பாவின் சத்தம் கேட்டதும் தானே வந்து உட்காரும் பூனைகள் உண்டு. எல்லாம் கோழிக்காகத்தான்.

மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மை அளவைவிடக் குறைவாகக் காட்டும். மனித ரத்தத்தில் குளுக்கோஸ் பிளாஸ்மாவிலும் அணுக்களிலும் ஏறக்குறைய 58-க்கு 42 என்று பிரிந்திருக்கிறது. பூனையில் 93-க்கு 7. மீட்டரின் கணக்கு மனிதனுக்கானது. பிராணிகளுக்கென்று தயாரித்த ஆல்ஃபாட்ராக் போன்ற மீட்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வீட்டு மீட்டரே போதும். ஆனால் எப்போதும் அதே மீட்டர், அதே ஸ்ட்ரிப் என்று இருங்கள், எது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தோலில் ஒட்டும் லிப்ரே சென்சாரைப் பூனைக்கும் பொருத்துகிறார்கள். விலை அதிகம், பூனை பிய்த்துப் போட்டால் காசு போச்சு. ஆனாலும் அளவு பிடிபடாத பூனைக்கு அது காட்டும் இரவு நேரக் கணக்கு வேறெதிலும் கிடைக்காது.

ஊசியும் சோறும்

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போட்டால் பல பூனைகள் திரும்பியும் பார்ப்பதில்லை. பிடரியைவிட விலாப் பக்கமோ வயிற்றின் ஓரமோ மருந்து நன்றாக ஏறும். தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, அதன் அடிவாரத்தில் செருகி அழுத்த வேண்டும். தினமும் இடம் மாற்றுங்கள். ரோமம் ஈரமாகி மருந்து வாடை அடித்தால், ஊசி மறுபக்கம் வழியே வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாது. அப்போது இன்னொரு தடவை போடக் கூடாது. அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். மறந்துபோன ஊசிக்கும் இதே விதி, சேர்த்துப் போடும் பேச்சே இல்லை.

சாப்பிடவில்லையா, வாந்தி எடுத்ததா? வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரை அழையுங்கள். ஊசிக்கு முன் அளவு 200-க்குக் கீழே இருந்தாலும், புதிதாகத் தொடங்கியவர்கள் கேட்டுவிட்டுப் போடுவதே பாதுகாப்பு. தள்ளாட்டம், வெறித்த பார்வை, உடம்பு நடுக்கம், திடீர்ப் பசி, வலிப்பு... இவை சர்க்கரை இறங்கிய அறிகுறிகள். மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் தேனையோ கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். மயங்கிய பூனையின் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இன்சுலின் இன்னும் தோலுக்கடியில் இருக்கிறது, தேன் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இதற்கு நேரெதிர் அபாயமும் உண்டு. பல நாள் இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்தால், பூனை சாப்பிடாமல் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிடும். அதுவும் அவசர சிகிச்சைதான்.

சாப்பாட்டில் பால் சோறும் தயிர் சோறும் முதலில் போக வேண்டும். பூனை முழு மாமிச உண்ணி. அதன் எச்சிலில் மாவைச் செரிக்கும் நொதி கிடையாது, அதன் கல்லீரலும் மாவுச்சத்தைச் சமாளிப்பதில் மந்தம். மாவு குறைந்த, புரதம் மிகுந்த ஈரத் தீனி நல்லது. வீட்டில் சமைப்பதென்றால் உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காத கோழியும் மீனும். ஆனால் வெறும் கறி மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் சத்துக்குறைவு வரும், மருத்துவரிடம் கேட்டு டாரின், கால்சியம் சேர்க்க வேண்டும். முக்கியமானது வேறு. ஊசியை அப்படியே வைத்துக்கொண்டு தீனியை மட்டும் ஒரே நாளில் மாற்றினால் சர்க்கரை சடசடவென விழும். மாற்றத்துக்கு முன்பே மருத்துவருக்குத் தெரிய வேண்டும், மாற்றும் நாட்களில் அளவு பார்ப்பது கூட வேண்டும்.

ஒரு நல்ல செய்தி இருக்கிறது, நம் தாத்தாக்களுக்கு எளிதில் வாய்க்காதது. பல பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை திரும்ப வருகிறது. கிர்ஸ்டன் ரூம்ப், குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி ராண்ட் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 55 பூனைகள். எல்லாவற்றுக்கும் கிளார்ஜின், மாவு குறைந்த தீனி, வீட்டிலேயே அடிக்கடி ரத்தப் பரிசோதனை. 64 சதவீதப் பூனைகள் ஊசியை விட்டன. நோய் கண்டுபிடித்து ஆறு மாதத்துக்குள் இந்தக் கட்டுப்பாட்டைத் தொடங்கியவற்றில் 84 சதவீதம். தாமதித்தவற்றில் 35. ஆனால் குணமாகிக்கொண்டிருக்கும் பூனைதான் அதிக ஆபத்தில் இருக்கும் பூனையும். அதன் கணையம் விழித்துக்கொண்ட பிறகும் நாம் பழைய அளவையே போட்டுக்கொண்டிருப்போம். நன்றாக இருக்கிறதே என்று மீட்டரைப் பெட்டியில் வைத்துவிடும் நேரம் அதுதான்.

வாய்வழி மருந்துகளும் வரத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்சாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கும், 2023 ஆகஸ்டில் வெலாகிளிஃப்ளோசின் திரவத்துக்கும் அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைகளுக்கு அந்த அனுமதி பொருந்தாது. ரத்தச் சர்க்கரை சரியாகக் காட்டும்போதே கீட்டோன் ஏறிவிடும் அபாயமும் அவற்றில் இருக்கிறது. ஊசிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு தாவ வேண்டிய மருந்துகள் இல்லை.

வீட்டு நிர்வாகம் பற்றி ஒரு வார்த்தை. மருந்து கூடிப்போவதற்கு மருத்துவம் தெரியாதது மட்டும் காரணமில்லை, இரண்டு பேர் பாசமாக இருப்பதும் காரணம். அம்மா ஆறு மணிக்குப் போட்டிருப்பார், மகன் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஏழு மணிக்கு இன்னொன்று போட்டுவிடுவான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நாட்காட்டித் தாளை ஒட்டி, போட்டவர் உடனே நேரம், சர்க்கரை அளவு, யூனிட் மூன்றையும் எழுதட்டும். எழுதாத வேளை போட்டதா இல்லையா என்ற சந்தேகம் வந்தால், போட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், பக்கத்து வீட்டில் ஒருவருக்கு முன்கூட்டியே, உங்கள் கண்ணெதிரே, இரண்டு மூன்று வேளை போடப் பழக்கிவிட்டுப் போங்கள்.

கடைசியாக, தினம் இரண்டு ஊசி என்றால் வருடத்துக்கு 730. அவை மண் தட்டுக் குப்பையோடு சேர்ந்து தெருத் தொட்டிக்குப் போனால், குத்துவது அதை அள்ளும் தூய்மைப் பணியாளரின் கையில். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டு ஊசிகளை அபாயகரக் கழிவு என்றுதான் வகைப்படுத்தின. தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி, உங்கள் கால்நடை மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் 'ஊசி' என்று மேலே எழுதி, தனியாகக் கையில் கொடுங்கள்.